மேகக் காட்டை இம்ப்ரஷனிசப் பாணியில் வரைய

இலங்கை மலைநாட்டில் ஹக்கலைப் பக்கமோ ஹோர்ட்டன் சமவெளிக்கோ, பனிமூட்டம் சூழ்ந்த மேகக் காட்டைப் பெயின்டிங் போடப் போகிறவர்கள் பலரும் இலை இலையாக வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். இந்தப் பாணியில் மரம் இரண்டாம் பட்சம்தான், அந்த நேரத்து வெளிச்சம் மரத்தை என்ன செய்கிறது என்பதுதான் படம், உணர்ச்சியும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இந்தக் காடு உங்களை உள்ளே கூப்பிடுகிறதா, வெளியே நிறுத்துகிறதா? (தேயிலை மலைக்கு மேலே இருக்கும் காடு சுற்றுலா வருகிறவருக்கு அழகு, விறகுக்குப் போகிறவருக்குச் சிறுத்தைப்புலி பயமும் சேர்ந்தது.) கூப்பிடுகிறது என்றால் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விழ ஓர் இடைவெளி விடுங்கள். நிறுத்துகிறது என்றால் அடிமரங்களை நெருக்கமாக முன்னால் கொண்டுவந்து வானத்தை மறைத்துவிடுங்கள்.

அப்புறம் நிழல். கறுப்பு டியூபை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், நீலமும் ஊதாவும் போதும். பனிமூட்டத்தில் தூரத்து மரங்கள் வெளிறிச் சாம்பல் நீலமாகத் தெரியும், அதனால் தூரத்தை முதலில் மெல்லிசாகப் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே முன்னே வாருங்கள், விளிம்புகள் தானாகக் கரைந்துவிடும். டியூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், துளி சிவப்பு கலந்தால் அடங்கும். அதே சிவப்பைக் கலக்காமல் பச்சைக்குப் பக்கத்தில் ரோடோடென்ட்ரன் பூவாகத் தொட்டு வைத்தால் இரண்டுமே எரியும்.

பிரெஞ்சு ஓவியர் மொனே 1865இல் பிரான்ஸின் ஃபொன்டன்ப்ளோ காட்டில் வரைந்த 'போட்மர் ஓக்' படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். 1874இல் பாரிஸ் கண்காட்சியை ஒட்டி இம்ப்ரஷனிசம் என்ற பெயர் பிறப்பதற்கு முன்னால் வந்த படம். மேலே இலைகளுக்குள் வெயில், கீழே தரை முழுக்கச் செம்பழுப்புச் சருகு. சோகமான ஆள் யாரும் அதில் இல்லை, ஆனாலும் காலம் கழிந்துபோகிற ஒரு கனம் எனக்கு அந்தத் தரையிலிருந்தே வருகிறது.

காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பனி மூடிவிடும். அக்ரிலிக் வர்ணம் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலைக்கு எண்ணெய் வர்ணமே சரி. அது காய நாளாகும் என்பதால் வரைந்த பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவே தீக்குச்சி வைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். வெளிச்சம் மாறியதும் நிறுத்திவிடுங்கள். வீட்டில் போன் படத்தைப் பார்த்துக் கிளைகளைத் திருத்த உட்காராதீர்கள், கிளையை யாரும் எண்ணப் போவதில்லை.