தொந்தோனியா பாட்டிலைத் திறக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், எங்கள் உணவகத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வின்யா தொந்தோனியா என்ற ஒயின் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிலவறையிலிருந்து படியேறி வந்தான். எனக்குப் பகீரென்றது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் வந்தேன். கிளாஸை எங்கே பிடிப்பது என்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன்.

மண்டியைக் கலக்கிவிடுவது

ஸ்பெயினின் ரியோஹாவில், ஆரோ என்ற ஊரில், 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா குடும்பத்தின் சிவப்பு ஒயின் இது. எப்ரோ ஆற்றோரம் உள்ள அவர்களுடைய சொந்தத் தோட்டத்துத் திராட்சை, பெரும்பங்கு தெம்ப்ரனியோ என்ற திராட்சை வகை. இதில் ரிசர்வா, அதாவது நீண்ட காலம் முதிரவைத்து விற்கும் வகை, சுமார் 6 வருடம் பீப்பாயில் கிடக்கும். அந்தப் பீப்பாயையும் அமெரிக்க ஓக் மரத்தில் தங்கள் பட்டறையிலேயே செய்கிறார்கள். வருடத்துக்கு 2 முறை தெளிவைக் கையால் வேறு பீப்பாய்க்கு இறுத்து, அடிமண்டியை ஒதுக்குவார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தெளிய வைப்பார்கள். ஆனால் வடிகட்டுவதில்லை. அதனால் பாட்டிலுக்குள் போன பிறகும் மெல்ல மண்டி இறங்கும்.

நான் வேலைக்குப் புதிதாக வந்த நாட்களில், ஒரு பெரியவரின் மேசைக்கு, படுக்கவைத்திருந்த ஒரு கிரான் ரிசர்வாவை (ரிசர்வாவைவிடவும் நீண்ட காலம் முதிர்ந்தது) எடுத்து, லேபிள் தெரியட்டும் என்று இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, அங்கேயே திறந்து ஊற்றினேன். முதல் கிளாஸே கலங்கல். அந்தப் பெரியவர் சத்தம் போடவில்லை. கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். பாட்டில் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. வருடக்கணக்கில் ஒரு குடும்பம் பொறுமையாக இறுத்து இறுத்துத் தெளிய வைத்ததை அரை நிமிடத்தில் குழப்பிவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். குடுவைக்கு மாற்றும்போது கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கட்டும். சாய்த்த கையை நடுவில் நிமிர்த்தாமல் ஒரே சீராக ஊற்றி, மண்டி கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். அடியில் மிஞ்சும் கொஞ்சத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

அந்தப் பையனிடமிருந்து பாட்டிலை வாங்கி ஓரமாக நிமிர்த்தி வைத்தேன். மேசைக்கு வேறு ஒயின் போனது. அவன் முகம் சுருங்கிவிட்டது, சரி, போகட்டும்.

ரிசர்வா எல்லாம் ஒன்று என்று நினைப்பது

ரியோஹா விதிப்படி ரிசர்வாவுக்கு மொத்தம் 3 வருடம் போதும், அதிலும் பீப்பாயில் 1 வருடம் இருந்தால் போதும். மற்ற ஒயின் நிறுவனங்களின் ரிசர்வாவில் இருக்கும் பழவாசனையை எதிர்பார்த்து இதை வாங்குகிறவர்கள் விழிக்கிறார்கள். இதில் உலர்ந்த பழம், தோல், புகையிலை வாடைதான் முன்னே நிற்கும்.

நிறம் வெளுத்ததும் கெட்டுவிட்டது என்பது

ஓரம் செங்கல் நிறம். வயசுதான் காரணம்.

அறைச் சூட்டில் பரிமாறுவது

16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். அடுப்படிக்குப் பக்கத்து அலமாரியின் சூடு அதற்கு ஆகாது.

பழைய கார்க்கை அவசரமாகத் திருகுவது

வேண்டாம்.