'உடந்தை' என்று எழுதும் முன்

நாளிதழ் ஒன்றின் மாவட்டச் செய்திப் பிரிவில் 26 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். குற்றச் செய்திகளில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்த சொல் உடந்தை. புதிதாகச் சேரும் நிருபர்களை அருகில் உட்கார வைத்து இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

இலக்கணத்திலிருந்து தொடங்குங்கள். 'உடன்' என்பதிலிருந்து பிறந்த இச்சொல் ஆளின் பெயராக அல்லாமல், ஒருவர் இருந்த நிலையின் பெயராகவே பெரும்பாலும் வழங்குகிறது. 'திருட்டுக்கு உடந்தையாக இருந்தார்' என்று நான்காம் வேற்றுமையோடு குற்றத்தைச் சேர்த்து எழுத வேண்டும். 'உடந்தைகள் மூவர் கைது' என்று வந்த பிரதிகளை 'உடந்தையாக இருந்த மூவர் கைது' என்று திருத்திக்கொண்டே இருப்பேன். கூட்டாளி அப்படியல்ல. அது ஆளைக் குறிக்கும் சொல். 'அவனுடைய கூட்டாளிகள்' என்று தயங்காமல் எழுதலாம்.

அடுத்ததுதான் முக்கியம்: அவருக்குத் தெரியுமா? தெரிந்தும் உதவியவர்தான் உடந்தை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் வலிக்கிறது. நகைத் திருட்டு ஒன்றில், திருடர்களைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்ட ஆட்டோ ஓட்டுநரை விசாரணைக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். 'உடந்தையாக இருந்த ஆட்டோ ஓட்டுநர்' என்று தலைப்புக் கொடுத்தது நான்தான். அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அவர்கள் வெறும் சவாரி. மறுநாள் அவருடைய மனைவி நாளிதழை மடித்துக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். "அவருக்குத் தெரியும் என்று உங்களிடம் யார் சொன்னார்கள் ஐயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். திருத்தம் வெளியிட்டோம், உள்பக்கத்தில் நான்கு வரி. தலைப்பைப் படித்த தெருவில் எத்தனை பேர் அந்த நான்கு வரியைப் படித்திருப்பார்கள்?

அதன் பிறகு, காவல்துறையின் குறிப்பில் அந்தச் சொல் இருந்தாலும், 'உடந்தையாக இருந்ததாகக் காவல்துறை கூறுகிறது' என்றுதான் விடுவேன். வழக்கு நடக்கும்வரை 'ததாக' என்ற மூன்றெழுத்தை யாரும் வெட்டக் கூடாது.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிட நுணுக்கமாகப் பிரிக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 107-வது பிரிவு, ஒருவர் குற்றத்துக்கு உடந்தையாவதற்கு மூன்று வழிகளைச் சொன்னது: தூண்டுவது, சதியில் சேர்வது, வேண்டுமென்றே உதவுவது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 45-வது பிரிவு. செய்ய வேண்டியதைச் சட்டவிரோதமாகச் செய்யாமல் விட்டு உதவுவதும் இதில் அடங்கும். ஆனால் குற்றம் முடிந்த பிறகு, முன்பு எதுவும் அறியாத ஒருவர் குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தால் அது வேறு குற்றம். பழைய சட்டத்தில் 212-வது பிரிவு. கணவனை மனைவியோ மனைவியைக் கணவனோ ஒளித்துவைத்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று விலக்கும் உண்டு. பேச்சுத் தமிழ் இவர்கள் எல்லோரையும் உடந்தை என்றே சொல்லிவிடும். நீங்கள் செய்தி எழுதுகிறீர்கள் என்றால் 'அடைக்கலம் கொடுத்தவர்', 'திருட்டுப் பொருளை வாங்கியவர்' என்று செய்ததைச் செய்தபடி எழுதுங்கள். கூடவே குற்றம் செய்துவிட்டு மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாகிறவரை அப்ரூவர் என்கிறோம். அந்தச் சொல் ஊரறிந்தது, மாற்ற வேண்டாம்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையாள் என்றால் மேலே ஒருவர் இருக்கிறார், இவர் ஏவலுக்குச் செய்கிறார். அடியாள் அடிதடிக்கு. கூட்டாளி சம நிலையில் இருப்பவர். ஆனால் இலங்கையிலும் மலேசியாவிலும் கூட்டாளி என்றால் நண்பர்தான். அங்குள்ளவர் 'என் கூட்டாளி' என்று எழுதினால் சந்தேகப்படாதீர்கள். காவலுக்கு இருந்தவரே கள்ளனுக்கு உதவினால் 'பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்' என்ற பழமொழி பொருந்தும். 'வேலியே பயிரை மேய்ந்தது' என்று இங்கே போடக் கூடாது. அது காவலரே திருடும்போது சொல்வது.

கூட்டுக்களவாணி எனக்கு மிகவும் பிடித்த சொல். மேடையில் இரண்டு கட்சிகளைப் பார்த்துச் சொன்னால் கடும் வசை. வீட்டில் சொன்னால் கொஞ்சல். குறும்புக்குத் துணை நிற்கும் தோழியை வாழ்த்த, 'partner in crime' என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்து 'குற்றத்தில் பங்குதாரர்' என்று அட்டையில் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் ஏதோ கடை வைத்திருப்பவர்கள் போல இருக்கிறது. 'என் கூட்டுக்களவாணிக்கு' என்று எழுதிப் பாருங்கள், அவள் முகம் மலரும்.

உடந்தைக்கும் வீட்டுக்குள் ஒரு செல்லமான இடம் உண்டு. பேரன் மழையில் நனைந்துவிட்டு வந்து நின்றபோது, துண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்ட என் மனைவியைப் பார்த்து மகள், "எல்லாவற்றுக்கும் நீதானம்மா உடந்தை" என்றாள். இவள் மறுக்கவில்லை. அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.