மிக்ஸி மூடியோடு தூங்கும் குழந்தை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மகனுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது மிக்ஸியின் சட்னி ஜார் மூடி அவனுக்குச் சொந்தமாயிற்று. காலையில் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவான். குளிக்கும்போது அதில்தான் தண்ணீர் மொள்ளுவான். இரவில், எத்தனை கழுவினாலும் பூண்டு வாசம் போகாத அந்த மூடியைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டுதான் தூங்குவான். ஏறத்தாழ ஆறு மாதம், சட்னி அரைக்கும்போதெல்லாம் ஜாரின் வாயில் ஒரு சில்வர் தட்டைக் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். (அது செய்யக்கூடாத காரியம், சமையலறைச் சுவர் அதற்குச் சாட்சி.) அந்த ஆறு மாதத்தில் நாங்கள் செய்த பிழைகளை, பிறகு உறவினர் வீடுகளிலும் அப்படியே பார்த்திருக்கிறேன்.

முதல் பிழை, அந்தப் பொருள் குழந்தைக்கு என்ன வேலை செய்கிறது என்று கவனிக்காமலே அதற்குத் தீர்ப்பு எழுதிவிடுவது. தூக்கம் வரும்போதும், அழும்போதும், புது இடத்திலும் குழந்தை அதைத் தேடினால் அது ஆறுதலுக்கான பொருள். அம்மாவின் பழைய சேலைத் துண்டைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நம் எல்லோருடைய குடும்பத்திலும் இருப்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953இல் வெளியான கட்டுரையில் இத்தகைய பொருள்களைப் பற்றி விரிவாக எழுதினார். தாயோடு ஒன்றியிருந்த நிலையிலிருந்து வெளியுலகுக்கு நகரும் குழந்தைக்கு அவை இடைவழித் துணை என்பது அவர் கருத்து. மாறாக, பகலெல்லாம் பஸ், ரயில், பம்பு செட்டு என ஒன்றையே பார்த்து, ஒன்றையே பேசித் திரியும் குழந்தையிடம் இருப்பது ஆர்வம். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்படிப்பட்ட தீவிர ஆர்வம் இருந்ததாகவும், அவர்களில் ஆண் குழந்தைகளே மிகுதி என்றும் தெரியவந்தது. எங்கள் வீட்டு மூடி பகலில் விளையாட்டாகவும் இரவில் ஆறுதலாகவும் இருந்ததால், எது எப்போது என்று புரிந்துகொள்ளவே எங்களுக்கு நாளாயிற்று.

அதற்குள் நான் மூடியை ஒளித்துவைத்து, "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். நான் செய்தவற்றுள் மோசமானதும் இதுதான். அவன் மூன்று நாள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்காரும் காக்கையையெல்லாம் பார்த்துக் கையை நீட்டி, "மூஜி தா, மூஜி தா" என்று கெஞ்சினான். இரவில் இரண்டு முறை எழுந்து அழுதான். நான்காம் நாள் பரணிலிருந்து மூடியை இறக்கிக் கொடுத்தபோது பற்று குறைவதற்குப் பதிலாக இரட்டிப்பாகியிருந்தது. கழிவறைக்குப் போகும்போதுகூட அதைக் கீழே வைக்க மறுத்தான். எந்நேரமும் காணாமல் போகக்கூடும் என்று தெரிந்துவிட்ட பொருளை யாரும் கையிலிருந்து விடமாட்டார்கள். குறுக்கே நிற்பதாக இருந்தால் பொய்யில்லாமல், சிறிய எல்லையாக நிற்கலாம்: "கடைக்குப் போய் வரும்வரை மூடி கட்டிலில் தூங்கட்டும்." வந்ததும் அது அதே இடத்தில் இருக்க வேண்டும்.

பழையது அழுக்காகிவிட்டது என்று புதிதாக ஒன்றைக் கொடுத்து ஏமாற்றப் பார்ப்பது இன்னொரு பிழை. என் மாமியார் பாத்திரக் கடையில் அதே அளவு மூடி ஒன்றை வாங்கிவந்தார். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டான். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை அச்சாக நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். தாங்கள் அணைத்துத் தூங்கும் பொம்மையை அதற்குள் வைக்கவே சில குழந்தைகள் சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் பழையதே வேண்டுமென்றார்கள். துணியாக இருந்தால் வாசமும் சேர்ந்துதான் அந்தப் பொருள். துவைப்பதுகூட அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடலாம் என்பது வின்னிகாட்டின் எச்சரிக்கை. அதற்காகத் துவைக்காமலே விட முடியாது. தொடக்கத்திலேயே துணியை இரண்டாகக் கிழித்து மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தால், இரண்டிலும் ஒரே வாசம் ஏறிவிடும்.

வேடிக்கையில் மயங்கி ஆபத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மூடியின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு என்பதையே நாங்கள் மறந்திருந்தோம். ஒரு மாலை அதன் பாதி அவன் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றே அதைக் கழற்றிவிட்டோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் இருப்பது எதுவானாலும், அதுவோ அதிலிருந்து கழன்று வரக்கூடிய பாகமோ சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் அடங்குமானால், மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். ரிமோட்டைக் கட்டிக்கொண்டு திரியும் குழந்தைகளுக்கு, சில ரிமோட்டுகளுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி எமன். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும், ஆகவே சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்குமிடத்தில் துணியோ பொம்மையோ விட்டுவைக்கக் கூடாது.

எல்லாப் பிடிப்பையும் ஒரே கணக்கில் வைப்பதும் சரியல்ல. மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, விபூதி என்று குழந்தை விடாமல் தின்றால், அதைக் குறும்பு என்று சிரித்து ஒதுக்காமல், இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பால் புட்டியோடு தூங்கினால் பல் சொத்தையாகும். கைபேசியை ஆறுதல் பொருள்களின் பட்டியலில் சேர்க்கவே கூடாது. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை.

இதற்கு நேர்மாறாக, ஒரு பொருளையே பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காகவே ஆட்டிசமோ என்று இரவெல்லாம் இணையத்தில் தேடுபவர்களும் உண்டு. மூடியைவிட, மூடியோடு அவன் உங்களிடம் வருகிறானா என்பதைப் பாருங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், எதையும் சுட்டிக்காட்டாமல், கற்ற சொற்களையும் இழந்துவந்தால் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரையோ, வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டு உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையோ அணுகலாம்.

கடைசிப் பிழை எங்களுடையதல்ல. இரண்டேகால் வயதில் அவன் மூடியை மறக்கத் தொடங்கினான். நான்கு நாள் அது கட்டிலுக்கடியில் கிடந்தது. நாங்களும் மூச்சு விடவில்லை. ஐந்தாம் நாள் ஊரிலிருந்து வந்த என் மைத்துனர், செருப்பைக் கழற்றும்போதே, "எங்கேடா மாப்ள உன் மூடி?" என்று கேட்டுவிட்டார். மறுபடி இரண்டு வாரத்துக்குச் சட்னிக்குத் தட்டுதான்.