பழைய கேம்பர் டிரெய்லர் கூரைக்கு பெயின்ட் அடிக்கிறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

முதல்லயே சொல்லிடறேன், கேம்பர் டிரெய்லர், அதான் கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி, அதோட கூரை ஒழுகுதுன்னு பெயின்ட் அடிக்கப் போறீங்கன்னா டப்பாவ மூடி வைங்க. தகட்டுக்கு நடுவுல எங்க ஒழுகுது? தகடும் தகடும் சேர்ற இடம், கூரைல காத்து போற வென்ட்ட சுத்தி, ஓரத்துல ஓடுற அலுமினியப் பட்டியோட ஸ்க்ரூ ஓட்டை, இங்கதான் தண்ணி இறங்கும். மிச்சிகன்ல நாங்க வாங்கினது 1964 ஷாஸ்டா கம்பெனி டிரெய்லர், வெளிய மெல்லிசான அலுமினியம், உள்ள மரச்சட்டம். முன்னாடி வச்சிருந்தவரு வெள்ளை பெயின்ட்டா அப்பி வச்சிருந்தாரு, பாக்க ஜம்முன்னு இருக்கு, ஆனா பட்டிய கழட்டி மரத்துல ஸ்க்ரூடிரைவர வச்சு அழுத்தினா டீல ஊறின ரஸ்க் மாதிரி உள்ள போகுது. மரத்த மாத்தி, பழைய பிசினச் சுரண்டிட்டு பியூட்டைல் டேப் (தண்ணி புகாம அடைக்கிற பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் டேப்) வச்சு பட்டிய திருப்பி முறுக்கினோம். மறுநாள் இன்னொரு தடவ முறுக்கணும், டேப் மெதுவாதான் பிதுங்கும். அப்புறம் ஹோஸ்ல கீழருந்து மேல தண்ணி அடிச்சு, உள்ள ஒரு ஆள டார்ச்சோட உக்கார வச்சு பாத்துட்டுதான் பெயின்ட் பேச்சே.

அடுத்தது பாத்ரூம் இடுக்கு அடைக்கிற சிலிக்கான் பசை. யாரோ எப்பவோ தடவினது ஒரு துளி மிச்சம் இருந்தாலும் அது மேல பெயின்ட் ஒட்டாது, வட்ட வட்டமா விலகி நிக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால எடுத்துட்டு, சிலிக்கான் ரிமூவர் போட்டு துடைங்க. இதே காரணத்துக்காகத்தான் சிலிக்கான் கோட்டிங் வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்கச் சொல்றேன், தண்ணி தேங்குற கூரைக்கு அது நல்லதுதான், ஆனா ஒரு தடவ அடிச்சிட்டா பின்னாடி எப்ப அடிச்சாலும் சிலிக்கான்தான்.

தேய்க்கிறதுக்கு ஸ்டீல் உல் வேணாம், அதோட இரும்புத் துகள் அலுமினியத்துல மாட்டிக்கிட்டு அங்கங்க துரு பிடிக்கும், ஸ்காட்ச் பிரைட் நார் போதும். பளபளன்னு வெறும் உலோகம் தெரியுற இடத்துல எட்சிங் பிரைமர் (உலோகத்த லேசா அரிச்சு பிடிச்சுக்கிற அடிப்பூச்சு) இல்லாம அடிச்சா ஒரு சீசன் தாண்டறதுக்குள்ள பாம்பு சட்டை மாதிரி உரிஞ்சு வந்துடும். எந்த பிரைமர் மேல எந்த கோட்டிங் போகும்னு டப்பால போட்டிருப்பான், அத படிங்க. ஈயம் கலந்த பெயின்ட்ட அமெரிக்கால வீட்டு உபயோகத்துக்கு தடை பண்ணதே 1978லதான், அதனால இவ்ளோ பழைய வண்டில டெஸ்ட் பண்ணாம சும்மா சாண்ட் பேப்பர் போட்டு தூசி கிளப்பாதீங்க, குழந்தைங்க ஓடியாடுற எடம் வேற. பிரஷர் வாஷரும் வேணாம், நல்லா இருக்குற இணைப்புலயும் தண்ணிய உள்ள தள்ளிடும்.

மேல ஏறினா பிளைவுட் போட்டு அது மேலதான் முட்டி போடணும், தகடு நசுங்கினா அங்க குளம் கட்டிடும்.

கடைசியா நேரம். உச்சி வெயில்ல தகடு தோசைக்கல்லா கொதிக்கும், ரோலர் ஓட்ட ஓட்டவே காஞ்சு கோடு கோடா நிக்கும். அதுக்குப் பயந்து நான் செப்டம்பர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு, நல்லா தடிமனா ஒரே கோட்டா அக்ரிலிக் அடிச்சேன். ராத்திரி பனி இறங்கிடுச்சு. காலைல போய் பாத்தா பால் பொங்கி வழிஞ்ச மாதிரி கதவு வரைக்கும் வெள்ளை ஓடிருக்கு. அப்புறம் காலைல பனி காஞ்ச பிறகு ஆரம்பிச்சு மெல்லிசா ரெண்டு கோட் அடிச்சு சரி பண்ணியாச்சு, ஆனா ஜன்னல் ரப்பர் இடுக்குல அந்த வெள்ளை இன்னும் போகல.