எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்துவது?

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதியவர்களுக்கு நேர்முகத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வெயில் ஏறும் நேரத்தில் வரும். அழைப்புக் கடிதம் கேட்டாலொழிய கோட் வேண்டாம். முழுக்கைச் சட்டை, அடர்சாம்பல் அல்லது கருநீல பேன்ட் போதும்.

வெளிர் நீலச் சட்டை எடுப்பாக இருக்கும், ஆனால் அக்குள் ஈரத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். வியர்க்கும் உடம்பென்றால் வெள்ளைதான் நல்லது. அதற்குள் வெள்ளை பனியன் போட்டால் விளிம்பு கோடாகத் தெரியும். வெளிர் சாம்பல் பனியன் அவ்வளவு தெரியாது.

இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் போட்டு, கண்ணாடி முன் நாற்காலியில் உட்காருங்கள். நின்றால் சரியாக இருக்கும் சட்டை, உட்கார்ந்ததும் வயிற்றுப் பட்டன்களுக்கிடையே வாய் பிளக்கும். பேன்ட் மேலேறி முழங்கால் கீழ்ச்சதை தெரிந்தால் நீளமான சாக்ஸ் வாங்குங்கள். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். புது ஷூவை ஐந்தாறு நாள், தினம் ஒரு மணி நேரம் வீட்டில் போட்டு நடக்காவிட்டால் குதிகால் கொப்பளித்துவிடும்.

பெண்களுக்குச் சேலை, சுடிதார் எதுவானாலும் சரி. சேலை கட்டிப் பழக்கமில்லையென்றால் அன்றைக்குத் தொடங்க வேண்டாம். கஞ்சி போட்ட காட்டன் பஸ்ஸில் கசங்கும். கலப்பு நூல் தாங்கும். மடிப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என ஊக்கு குத்துங்கள். துப்பட்டாவை இரு தோளிலும் குத்தாவிட்டால், பதில் சொல்லும்போது கை அங்கேயே போகும். கண்ணாடி வளையல் மேசையில் சலசலக்கும், கழற்றிவிடுங்கள்.

பையில் தேய்த்த மாற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும். காலை காபி எப்போது சிந்தும் என்று யாருக்குத் தெரியும்?