குவாதலூப்புக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: வாய்க்கு ருசியும் கொஞ்சம் கவனமும்

பிரான்சுக்கு வந்து, கார்த் (வதிவிட அட்டை) கைக்குக் கிடைத்து, இரண்டு குளிர்காலத்தை வேலையும் மெற்றோவுமாகக் கழித்த பிறகு எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். தென்னை மரமும் வெயிலும் உள்ள இடத்தில் ஒரு கிழமையாவது போய்க் கிடக்க வேண்டும். அகதி கார்த் வைத்திருந்து ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு அந்த ஏக்கம் இன்னும் கூட. அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லுவது குவாதலூப், கரிபியன் கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவு. பாரிஸ் ஒர்லி விமான நிலையத்தில் ஏறினால் எட்டு ஒன்பது மணித்தியாலம். அங்கேயும் பிரான்ஸ்தான்: அதே ஈரோ, அதே கார்த் வித்தால் (மருத்துவக் காப்புறுதி அட்டை), அவசரத்துக்கு அதே 15 (அம்புலன்ஸ்), 17 (பொலிஸ்), 18 (தீயணைப்பு).

ஆனால் ஷெங்கனுக்குள் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வலயத்துக்குள்) அது இல்லை. பிரான்ஸ் வதிவிட அட்டையும் கடவுச்சீட்டோ பயணப் பத்திரமோ இருந்தால் உங்களுக்குப் பிரச்சினை வராது. ஊரிலிருந்து ஷெங்கன் விசாவில் வந்து நிற்கிற அம்மா அப்பாவையும் சேர்த்துக் கூட்டிப்போக நினைத்தால் அந்த விசா அங்கே செல்லாது. அவர்களுக்குத் தனி விசா எடுக்க வேண்டும். ரிக்கெற் வாங்க முதல் இதைப் பாருங்கள்.

போய் இறங்கிய முதல் நாள், றோட்டோரக் கடைப் பலகை ஒன்றில் ‘கொலொம்போ த கப்ரி’ என்று எழுதியிருந்தது. ‘அப்பா, இங்கே கொழும்பு ஆட்டிறைச்சி விக்கினம்’ என்றான் மகன். கொழும்பு இல்லையடா, குழம்பு. அந்தத் தீவில் ‘கொலொம்போ’ என்றால் மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்த கறித்தூளுக்கும் பெயர், அதைப் போட்டுச் சமைத்த கறிக்கும் பெயர். எங்கள் குழம்பு என்ற சொல்தான் இப்படித் திரிந்தது என்பார்கள். கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு 1848 இல் விடுதலை கிடைத்ததும் தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கினார்கள். முதல் கப்பலான ‘ஒரேலி’ 1854 டிசம்பரில் தீவின் துறைமுகமான புவாந்த்-ஆ-பித்ருக்கு வந்து சேர்ந்தது. 1889 வரை வந்தவர்கள் சுமார் 42,000 பேர். அவர்களில் பெரும் பங்கு பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக வந்த தமிழர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தபால் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குக் குடியுரிமை வேண்டுமென்று வருடக்கணக்காக வாதாடி 1923 இல் வென்றவர் அந்தத் தீவிலேயே பிறந்த ஆன்றி சிதம்பரம்.

கப்பெஸ்தேர் பக்கம் போகும்போது றோட்டோரம் சாங்கிக் கோயில் கோபுரம் தெரியும். அது மாரியம்மன் கோயில். அவர்கள் ‘மாலியெமின்’ என்பார்கள். இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் ஆட்கள் அங்கே சிக்குப்படுவது புதிய விசயத்தில் அல்ல, தெரிந்த மாதிரி இருக்கிற விசயத்தில்தான். சந்தையில் ஈரப்பலாக்காய், மரவள்ளி, வெண்டிக்காய், சௌசௌ, முள்ளுச் சீத்தா, புளி எல்லாம் குவிந்து கிடக்கும்போது ஊர் வந்துவிட்டோம் என்றே மனம் நம்பிவிடும். நானும் நம்பினேன். மஞ்சளும் சிவப்புமாய்ச் சுருங்கிய சின்ன மிளகாய் ஒன்று, ‘பொந்தா மான் ஜாக்’ என்று பெயர். விற்கிற அம்மா விரலை ஆட்டி ‘கவனம், தூதூ’ என்றார். (தூதூ என்றால் செல்லம், ராசா என்கிற மாதிரி, எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) யாழ்ப்பாணத்தானுக்கு உறைப்புச் சொல்லித் தருகிறாவோ என்று ஒரு கடி கடித்தேன். முதல் இரண்டு செக்கன் பழ வாசம். பிறகு காது அடைத்தது, கண்ணீர் ஓடியது, தண்ணீர் குடிக்கக் குடிக்கக் கூடியது. அந்த அம்மா ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தந்து, காசும் வாங்கவில்லை. அங்கே சமைக்கிறவர்கள் அந்த மிளகாயை வெட்டாமல் முழுதாகக் கறியில் மிதக்கவிட்டு, வெடிக்க முதல் எடுத்துவிடுவார்கள். வாசம் மட்டும் இறங்கும்.

சந்தையோ பஸ்ஸோ பேக்கரியோ, எங்கே போனாலும் முதலில் பொன்ஜூர். அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் மாறிவிடும். பாரிஸை விட அங்கே இது கடுமை.

சாப்பாட்டில் பொக்கித்தைத் தவறவிடாதீர்கள். மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். வாய்ப்பன் மணத்தோடு பூரி மாதிரி உப்பி வரும். அதை நடுவில் பிளந்து, உப்பிட்ட கொட் மீனோ கோழியோ முட்டையோ வைத்து, சலாட்டும் உறைப்புச் சோசும் போட்டுக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். பின்னேரத்தில் வான் கடைகளில்தான் நல்லது. ஆட்கள் வரிசையாக நிற்கிற வானைப் பிடியுங்கள்; கண்ணுக்கு முன்னால் பொரித்துச் சுடச் சுடத் தந்தால் வயிற்றுக்குப் பயமில்லை. அக்ரா என்பது எங்கள் போண்டாவின் சின்னத் தம்பி; பெரும்பாலும் உள்ளே மீன் இருக்கும். மரக்கறிக்காரர் ‘சோன் மொரூ’ (கொட் மீன் இல்லாமல்) என்று கேட்க வேண்டும். பூசணிக்காய் அக்ராவும் உண்டு. பயறு, அவரை விதைக் கறிகளில் உப்புப் பன்றி இறைச்சி போடுகிற வழக்கம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். புதான் என்றால் பன்றி இரத்தத்தில் செய்த சொசேஜ். விரதகாலத்தில் போகிறவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.

மீன் விசயம் கொஞ்சம் பெரிசு. பவளப்பாறை மீன்களில் சிகுவாதெரா என்றொரு நஞ்சு சேரும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது கூடிக்கொண்டே போகும். பெரிய சீலா, அஞ்சாளை மாதிரி மீன்களில் அதிகம். பொரித்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது, மணத்திலும் தெரியாது. அதனால் எந்த மீனை விற்கக்கூடாது என்று அங்கே அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. உணவகத்தில், மீன் சந்தையில் வாங்குங்கள். கடற்கரையில் தூண்டில் போட்டவர் மலிவாகத் தந்தாலும், நீங்களே பிடித்தாலும், பெரிய மீன் வேண்டாம். ஆழ்கடல் தொராத், சூரை என்றால் யோசிக்கத் தேவையில்லை. சாப்பிட்ட பின் வாயைச் சுற்றி விறுவிறுப்பு, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுகிற மாதிரி உணர்வு வந்தால் 15க்கு அடியுங்கள்.

இன்னொன்று கிழங்கு. வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்கு 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற மருந்தை அடித்தார்கள். தீவின் தெற்குப் பக்க மண்ணில் அது இன்னும் கிடக்கிறது. மரத்தில் தொங்குகிற பழத்துக்குப் பயமில்லை, வாழைப்பழத்துக்கும் பயமில்லை. மண்ணுக்குள் விளைகிற கிழங்கும், அந்தப் பக்க ஆற்று மீனும், வீட்டுக் கோழி முட்டையும்தான் சந்தேகம். றோட்டோரத்தில் குவித்து விற்கிற கிழங்கை விட்டுச் சந்தையில் வாங்கித் தோலைத் தடிப்பாகச் சீவிப் போடுங்கள். ஒரு கிழமை சாப்பாட்டால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அங்கேயே வேலை எடுத்துக் குடியேறப் போகிறவர்கள் இதைப் பழக்கமாக்க வேண்டும்.

கடற்கரைக்கு வருவோம். மணலோரம் நல்ல நிழல் தருகிற மரம், கீழே சின்ன அப்பிள் மாதிரிப் பச்சைக் காய், இனிப்பு மணம். அதுதான் மான்சினியே. காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு ஒதுங்கினால் இலையால் சொட்டுகிற தண்ணீரே எரிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா மரத்திலும் இராது. நிலத்தில் கிடக்கிற எந்தப் பழத்தையும் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். நாவலும் இலந்தையும் பொறுக்கி வளர்ந்த எங்களுக்குத்தான் அது முதலில் மறக்கும்.

குளிக்க சென்-ஆன் மாதிரிப் பாறை தடுத்த அமைதியான கரை நல்லது. பொயின்த் தே சத்தோ பார்க்க அழகு. படம் எடுக்கலாம், இறங்க வேண்டாம், இழுவை பலம். சர்காஸ் என்கிற மண்ணிறப் பாசி ஒதுங்கி அழுகிக் கூழ்முட்டை மணம் அடித்தால் வேறு கரைக்குப் போய்விடுங்கள். அருவிக் குளத்தில் நிற்கும்போது தண்ணீர் கலங்கி இலை குழை வரத் தொடங்கினால், மேலே வெயில் எறித்தாலும், அந்தக் கணமே வெளியே வர வேண்டும். மலையில் பெய்த மழை சொல்லிக்கொண்டு வராது. வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்கவே கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகிற அமீபா அங்கே ஒரு பிள்ளையின் உயிரை எடுத்திருக்கிறது. உடம்பில் புண் இருந்தால் ஆற்றுக் குளிப்பும் வேண்டாம், எலிக்காய்ச்சல்.

நுளம்புக்குப் பூச மருந்து கொண்டுபோங்கள், டெங்கு உண்டு. சூறாவளிக் காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. மலிவு ரிக்கெற் செப்டம்பரில் கிடைப்பது அதனால்தான். குழாய்த் தண்ணீர் அடிக்கடி நிற்கும், ஒரு பெட்டி போத்தல் தண்ணீர் வீட்டில் இருக்கட்டும். அருவிப் பக்கம் காரை விடும்போது உள்ளே பையை வைக்காதீர்கள். தி-பஞ்ச் சின்னக் கிளாசில் வரும், 50 சதவீத ரம். குடித்தவர் திறப்பை மற்றவரிடம் கொடுக்கட்டும்.

திரும்பும்போது பழம், மரக்கறி கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. கறித்தூளுக்குத் தடையில்லை. நாங்கள் இரண்டு பைக்கெற் கொண்டுவந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அதைப் போட்டு ஆட்டிறைச்சி வைத்தா. மணம் நல்லாத்தான் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எங்கள் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து இரண்டு கரண்டி போட்டா.