உறையில் 471, 322 என்று இருந்தால்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கினால், உறையைத் திருப்பிப் பாருங்கள். 'எமல்சிஃபையர் 471' என்று பெரும்பாலும் இருக்கும். உணவில் சேர்க்கும் பொருளைக் குறிக்கும் எண்தான் 471. கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் பால்மமாக்கி அந்தப் பொருள். முட்டை மஞ்சள் கருவில் இயல்பாகவே உள்ள லெசித்தினும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் எண் 322. பிஸ்கட், சாக்லேட்டில் சேர்ப்பது பெரும்பாலும் சோயா லெசித்தின்; சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்கணும்.

471-ஐத் தாவரக் கொழுப்பிலும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலும் செய்யலாம். எண் மட்டும் பார்த்தால் எது என்று தெரியாது. சைவம் பார்ப்பவர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம். எண்ணைக் கண்டாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் நம்புவதில்லை. ஆனால் பட்டியல் ரொம்ப நீண்டால் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.